கையெழுத்தான வெயில்

1997-ஆம் வருடம் ஜூலை மாதம் இருபத்து நான்காம் தேதி, வியாழக்கிழமை, பெங்களூர் அல்சூரில் ஒரே ஒரு பள்ளிக்கூடத்துக்குள் மட்டும் காலை பத்து இருபது முதல் பதினொரு மணி வரை வெயில் அடித்தது. வெளியே அடைமழை. ஏரிப் பக்கத்து ரோட்டில் ஆட்டோக்கள் பரிசல் மாதிரி சுற்றிச் சுற்றிப் போய்க்கொண்டிருந்தன. நம்பாதவர்கள் அந்தப் பள்ளியின் தினக் குறிப்பேட்டைப் புரட்டிப் பார்க்கலாம். "வானிலை: வெயில். திருப்தி" என்று பச்சை மையில் எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கும்.

நான் சொல்வதில் கால்வாசிதான் நிஜம் என்பாள் என் மனைவி பாமா. எந்தக் கால்வாசி என்று இதுவரை நானும் அவளிடம் சொன்னதில்லை. ஆனால் இந்த வெயிலுக்கு நானே சாட்சி. எனக்கு அதில் கொஞ்சம் குறைவாகவே கிடைத்தது என்பதும் ஒரு காரணம்.

என் பெயர் சுந்தரேசன். அந்தப் பள்ளியில் இரண்டாம் வகுப்பு 'ஏ' பிரிவுக்கு இருபத்திரண்டு வருடம் இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்தேன். பள்ளியின் செக்ரட்டரி சீனிவாசராகவன். அவருடையது மூன்று தலைமுறையாகப் பெங்களூரில் இருக்கும் குடும்பம். அரசாங்கத்தில் மழைப் பதிவேடுகளைச் சரிபார்க்கும் பிரிவில் இருபத்தாறு வருடம் இருந்து ரிடையர் ஆனவர். பதிவேடு இல்லாமல் அவரால் வீட்டில் இருக்க முடியவில்லை, பள்ளிக்கூடத்துக்கு வந்துவிட்டார்.

வந்தவர் முதல் வேலையாக லெசன் பிளானைச் சீர்திருத்தினார். ஒவ்வொரு பாடத்துக்கும் பதினொரு கட்டம். ஏழாவது கட்டத்தில் ஆசிரியர் என்ன கேட்பார் என்று எழுத வேண்டும். எட்டாவதில் குழந்தை என்ன பதில் சொல்லும். ஒன்பதாவதில் அதற்கு ஆசிரியர் எப்படிச் சிரிப்பார். பத்தாவதில் குழந்தைக்கு உண்டாகும் மகிழ்ச்சி: அதிகம், நடுத்தரம் என்று இரண்டே வகை. பதினொன்றாவது கட்டம் காலி. அதைக் காலியாக விடுவதுதான் அதன் உபயோகம். ஒருமுறை அதில் மறதியாக ஒரு புள்ளி வைத்துவிட்ட கணக்கு வாத்தியாரின் நோட்டு மூன்று தடவை திரும்பி வந்தது.

பிளானைப் பதினைந்து நாள் முன்னால் கொடுக்க வேண்டும். மூன்று கையெழுத்து. கடைசியாகச் செக்ரட்டரியின் பச்சை மை. கையெழுத்தான பிளானில் ஒரு எழுத்தை மாற்ற வேண்டுமானால் மூன்று வேலை நாளுக்கு முன்னால் திருத்தப் படிவம் தர வேண்டும்.

பச்சை மையில் மூன்று தரம் உண்டு: பார்த்தாயிற்று என்பதற்கு 'ஸீன்', அதற்கு மேல் 'குட்', 'வெரி குட்'. செக்ரட்டரி வந்த நாளிலிருந்து எனக்கு 'ஸீன்' தவிர வேறொன்றும் கிடைத்ததில்லை. என் பெண் கல்யாணத்துக்கு அவருக்குப் பத்திரிகை வைத்தேன். மறுநாள் அது என் மேஜைக்கே திரும்பி வந்தது. மஞ்சள் தடவிய மூலையில் பச்சையாக, 'ஸீன்'.

இப்படி நான் பாட்டுக்கு 'ஸீன்' வாங்கிக்கொண்டு சுகமாக இருந்த காலத்தில்தான் ஜோசஃபின் மிஸ் வந்து சேர்ந்தார். பொம்மனஹள்ளியிலிருந்து இரண்டு பஸ் மாறி வருவார். இரண்டாம் வகுப்பு 'பி' பிரிவு. எனக்கும் அவருக்கும் நடுவில் ஒரு மரத் தட்டி. முதல் வாரமே அவருடைய பிளானுக்கு 'வெரி குட்' விழுந்தது. அடியில் இரண்டு கோடு.

அந்த இரண்டு கோடும் அன்றிலிருந்து என் நெஞ்சுக்கு அடியிலும் ஓடின. தட்டிக்கு அந்தப் பக்கம் அவர் 'விண்டி' என்றால் நாற்பது பிள்ளைகளும் ஒரே பக்கம் தென்னை மரம் மாதிரி சாய்வார்கள். பெஞ்சு கிறீச்சிடும் சத்தம் கூட ஒரே சத்தமாகக் கேட்கும். என் வகுப்பில் 'விண்டி' என்றால் ஒருவன் விசிலடிப்பான். ஒருத்தி தன் அப்பாவின் லுங்கி மொட்டை மாடியிலிருந்து பறந்து மசூதி ஸ்பீக்கரில் மாட்டிக்கொண்ட கதையை ஆரம்பிப்பாள். வகுப்பே விழுந்து விழுந்து சிரிக்கும். அடக்குவதற்குள் மணி அடித்துவிடும்.

"சார், உங்க கிளாஸ்ல ஏன் எப்பவும் ஒரே சிரிப்பு?" என்று ஜோசஃபின் மிஸ் ஒருநாள் ஸ்டாஃப் ரூமில் கேட்டார்.

குத்திக் காட்டுகிறார் என்று எனக்குத் தெரியாதா? "பசங்களுக்குப் பல் விழுற வயசு மிஸ்" என்று சொல்லிவிட்டு எழுந்து போனேன்.

அவர் வந்து இரண்டு வருடம் கழித்து, 1997 ஜூலை முதல் வாரம் மீட்டிங். அந்த வருடம் பிள்ளைகள் குறைந்துவிட்டார்கள். இரண்டு பிரிவையும் ஒன்றாக்கப் போகிறார்கள். ஓர் ஆசிரியர் போதும். இன்னொருவருக்குச் சந்தாபுராவில் புதிதாகத் திறந்திருக்கும் கிளை. அங்கே சுவர் எழும்பிவிட்டது. கூரை திட்ட நிலையில் இருந்தது.

எனக்கு வீடு பள்ளியிலிருந்து மூன்று நிமிஷ நடை. சந்தாபுராவுக்கு ஒன்றரை மணி நேரம், அதுவும் பஸ்ஸில் இடம் கிடைத்தால். எனக்கோ இரண்டு முழங்காலும் இரண்டு வேறு ஆட்களுடையவை மாதிரி நடக்கும் வயது. ஜோசஃபின் மிஸ் வீட்டிலிருந்து சந்தாபுரா ஒரே பஸ். இதை யாரோ எழுந்து சொல்லவும் சொன்னார்கள்.

செக்ரட்டரி மூக்குக் கண்ணாடியைத் துடைத்தார். "தூரம்னு நம்ம பிளான்ல கட்டம் இருக்கோ? இல்லை. கட்டத்துல இல்லாத விஷயத்தை நான் எப்படிப் பாக்கறது? யார் இங்கே, யார் சந்தாபுரான்னு நான் முடிவு பண்ணப்போறதில்லை. ரெண்டு பேரும் ஒரே நாள்ல ஒரே பாடம் எடுங்கோ. வெதர். இருபத்து நாலாம் தேதி தரக்குழு வந்து பாக்கும். பாடம் எப்படி இருந்துதுன்னு அவா பாக்கமாட்டா. பாடம் பிளான் மாதிரி இருந்துதான்னு பாப்பா. இதைவிட நியாயம் உண்டோ? ஹௌதோ இல்லவோ?"

"ஹௌது சார்" என்று எல்லோரும் கன்னடத்திலேயே ஆமாம் போட்டோம். மீட்டிங்கிலும் எட்டாவது கட்டம் உண்டு.

வீட்டுக்கு வந்து மூன்று நாள் பேனாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். குழந்தைகள் என்ன பதில் சொல்லும் என்று எழுத வரவில்லை. அவர்கள் என்ன சொல்வார்கள் என்று எனக்கு ஒருநாளும் தெரிந்ததில்லை.

"சாம்பார்ல உப்பு இருக்கா?" என்று பாமா கேட்டாள்.

"அவங்க சூரியனை தெர்மாகோல்ல பண்றாங்களாம்."

"அந்தம்மாவோட தெர்மாகோலை நெனச்சுக்கிட்டுதான் இந்த வீட்ல மூணு நாளா சோறு எறங்கறதில்ல. பேசாம அவங்களையே கேட்டு எழுதிக்க வேண்டியதுதானே?"

"அவகிட்ட போய் நானா?"

"அப்ப திருடிக்குங்க" என்று சொல்லிவிட்டு ரசத்தை ஊற்றினாள்.

பாமா தமாஷுக்குத்தான் சொன்னாள். நான் கணவன், மனைவி சொல்லைத் தட்டுவதில்லை.

நோட்டுகளை ஸ்டாஃப் ரூமிலிருந்து செக்ரட்டரி அறைக்குத் தூக்கிப் போகிறவர் பியூன் கோவிந்தராஜன். அவருக்கு மைசூர் போண்டா என்றால் உயிர். ஆறு போண்டா ஒரு பொட்டலம்.

"இன்னா சார் இது, திடீர்னு பாசம்?"

"ஜோசஃபின் மிஸ் நோட்டை லஞ்ச் முடியறவரைக்கும் எங்கிட்ட வெச்சுக்கறேன்."

கோவிந்தராஜன் ஒரு போண்டாவை முழுசாக வாயில் போட்டுக்கொண்டார். "நான் ஒண்ணும் பாக்கல. வாய் பூரா போண்டா. கண்ணு தெரியாது."

பதினொரு கட்டத்தையும் எழுத்து பிசகாமல் இறக்கினேன். ஏழாவது கட்டம்: ஆசிரியர் பிள்ளைகளை ஜன்னலுக்கு அழைத்துப்போய், இன்று வானிலை எப்படி என்று கேட்பார். எட்டாவது: குழந்தைகள் "இட் இஸ் சன்னி" என்பார்கள். அவர் எழுதின அன்று நல்ல வெயில். நான் காப்பியடித்த அன்றும் நல்ல வெயில். இருபத்து நாலாம் தேதி என்று ஒன்று வரும் என்பது இருவருக்குமே தோன்றவில்லை. பெங்களூரில் ஜூலை மாதத்து வானத்தைப் பதினைந்து நாள் முன்னால் எழுதிக் கொடுக்கிற தைரியம் ஆங்கில ஆசிரியர்களைத் தவிர யாருக்கும் வராது.

நாலாம் நாள் நோட்டுகள் திரும்பி வந்தன. என்னுடையதில் 'குட்'. வாழ்க்கையில் முதல் 'குட்'. மெதுவாகப் பக்கத்து மேஜையை எட்டிப் பார்த்தேன். அதே பாடம், அதே வரி, அதே தெர்மாகோல். 'வெரி குட்'. இரண்டு கோடு.

நேரே செக்ரட்டரி அறைக்குப் போனேன். "சார், ரெண்டு பிளானும் ஒரே மாதிரிதானே இருக்கு?"

"ஒரே மாதிரி இல்லை. ஒண்ணேதான்" என்றார் அவர். முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு. "அதுதான் சுந்தரேசன் என்னோட கனவே. இன்னிக்கு ரெண்டு வகுப்பு. நாளைக்கு எந்த ஊர்ல, எந்தக் குழந்தையை எழுப்பிக் கேட்டாலும் ஒரே பதில் வரணும். கேள்வி கூட வேணாம்கற நிலைமை வரணும்."

"அப்ப எனக்கு மட்டும் ஏன் சார் வெறும் 'குட்'?"

"அவா எழுதினதை நீங்க எழுதியிருக்கேள். நீங்க எழுதினதை அவா எழுதியிருந்தா உங்களுக்கு 'வெரி குட்'."

"நான் காப்பி அடிச்சேன்னு உங்களுக்கு..."

"அசிங்கமாப் பேசாதீங்கோ. இங்கே யாரும் காப்பி அடிக்கறதில்லை. ஒருமைப்பாடு."

பாடத்துக்கு இரண்டு நாள் முன்னால், செவ்வாய்க்கிழமை மழை பிடித்தது. சும்மா மழையில்லை. புதன்கிழமை விளையாட்டு மைதானத்தில் கால்பந்து தானாக கோல் போட்டது. நான் திருத்தப் படிவத்தை நிரப்பிக்கொண்டு ஓடினேன்.

செக்ரட்டரி நாட்காட்டியைப் பார்த்தார். "மூணு வேலை நாள் முன்னாடி வந்திருக்கணும்."

"மூணு நாள் முன்னாடி வெயில் அடிச்சுது சார்."

"பின்னே? அப்பவும் திருத்தம் தேவைப்படலை, இப்பவும் நேரமில்லை. எவ்வளவு சரியா இருக்கு பாருங்கோ." ஜன்னல் பக்கம் திரும்பி மழையை ஒரு கீழ்நிலை குமாஸ்தாவைப் பார்ப்பது போலப் பார்த்தார். "வெயில்ல நான் கையெழுத்துப் போட்டிருக்கேன். இந்த மழை எங்கிட்ட கையெழுத்து வாங்கிண்டுதா? இருபத்தாறு வருஷம் மழைப் பதிவேடு பாத்தவன் நான். என் பதிவேட்டுல ஒரு சொட்டு என்னை மீறி விழுந்ததில்லை. ஒரு வருஷம் பிஜாப்பூர் பக்கம் விழாத மழையைக்கூட விழ வெச்சிருக்கேன். விழுந்ததை நிறுத்தத் தெரியாதா எனக்கு?"

அன்று மத்தியானமே ஏற்பாடுகள் ஆரம்பமாகின. இரண்டு வகுப்பு ஜன்னலுக்கும் மஞ்சள் காத்தாடிப் பேப்பர் ஒட்டப்பட்டது. ஈரக் குடை என்பது மழைக்குச் சாட்சி என்பதால் மறுநாள் கேட்டிலேயே குடைகள் பறிமுதல் செய்யப்பட்டு, பிள்ளைகள் வராந்தாவரை நனைந்து வந்தார்கள். ஓட்டில் மழை விழும் சத்தம் கேட்காமல் இருக்க, பக்கத்து அறையில் ஆறாம் வகுப்பு பதினேழாம் வாய்ப்பாட்டை உரக்கச் சொல்ல உத்தரவானது. கிணற்றடித் தவளைகளை என்ன செய்வது என்று டிரில் மாஸ்டர் தலைமையில் மூவர் கமிட்டி அமைந்தது. அந்தக் கமிட்டியின் அறிக்கை இன்னும் வரவில்லை.

கடைசியாகச் சூரியன். பள்ளி ஆண்டு விழாவுக்கு வாங்கின பெட்ரோமாக்ஸ் விளக்கு ஒன்று ஸ்டோர் ரூமில் இருந்தது. ஜன்னலுக்கு வெளியே கோவிந்தராஜன் ஒரு கையில் குடையும் ஒரு கையில் பெட்ரோமாக்ஸுமாக நிற்க வேண்டியது. மஞ்சள் பேப்பர் வழியாக உள்ளே வெயில். நான் போய் உள்ளே நின்று பார்த்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், சித்திரை மாதம் மாதிரி இருந்தது. எனக்கு வியர்த்தது.

சிக்கல் என்னவென்றால் சூரியன் ஒன்று, வகுப்பு இரண்டு.

"பத்து இருபதுலேர்ந்து பத்து நாப்பது வரைக்கும் 'பி'. அப்புறம் 'ஏ'" என்றார் செக்ரட்டரி.

"'ஏ'தானே சார் முதல்ல வரும்?"

"'வெரி குட்'டுக்கு முதல் சூரியன்."

உலகத்தில் எத்தனையோ பேர் எத்தனையோ விஷயத்துக்குப் பொறாமைப்பட்டிருப்பார்கள். அடுத்த வகுப்புக்கு முதலில் விடிகிறதே என்று வயிறெரிந்தவன் அன்றைக்கு அல்சூரில் நான் ஒருவன்தான்.

வியாழக்கிழமை தரக்குழு வந்தது. தலைவி சாந்தகுமாரி மேடம். கூடவே இரண்டு பேர். ஒருவர் கையில் ஸ்டாப்வாட்ச், இன்னொருவர் கையில் எங்கள் பிளானின் நகல். முதலில் 'பி'க்குப் போனார்கள். தட்டிக்கு இந்தப் பக்கம் காதை வைத்துக்கொண்டு நின்றேன்.

"ஹவ் இஸ் த வெதர் டுடே?"

"இட் இஸ் சன்னி!" நாற்பது குரல், ஒரே குரல். தலையிலிருந்து தண்ணீர் சொட்டும் சத்தம் கூட ஒரே தாளத்தில் விழுந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

பத்து நாற்பதுக்கு என் வகுப்புக்கு வந்தார்கள். நான் ஜன்னலைப் பார்த்தேன். பேப்பர் மங்கலாக, வாடின பூவரச இலை மாதிரி இருந்தது. சூரியன் வரவில்லை. பத்து நாற்பத்திரண்டு. வரவில்லை. பேப்பர் ஓரத்தில் இருந்த கிழிசல் வழியாக எட்டிப் பார்த்தேன். பெட்ரோமாக்ஸ் இன்னும் 'பி' ஜன்னலுக்கு வெளியேதான் நின்றிருந்தது. அந்த ஜன்னலின் கீழ்க்கதவு கொஞ்சம் திறந்திருந்தது. உள்ளேயிருந்து வளையல் போட்ட ஒரு கை வெளியே நீண்டது. கையில் ஃப்ளாஸ்க் மூடி. மூடியில் ஆவி பறக்கும் டீ.

ஆறு போண்டா கொடுத்தவன் நான். ஆனால் மழையில் நிற்கிற ஆளுக்கு என்றைக்கோ தின்ற போண்டாவைவிட இன்றைய டீ பெரிது. அந்தப் பெண்மணிக்கு அதுவும் தெரிந்திருக்கிறது.

பின்னால் மேடத்தின் குரல். "நீ சொல்லும்மா. ஹவ் இஸ் த வெதர் டுடே?"

அனுஷா எழுந்தாள். லுங்கி பறந்த கதை சொன்னவள். சாக்ஸைக் கழற்றிப் பிழிந்துகொண்டிருந்தவள், அதைப் பின்னால் மறைத்துக்கொண்டு, "இட் இஸ் சன்னி, மேடம்" என்றாள்.

ஓட்டிலிருந்து ஒரு சொட்டு மேடத்தின் பிளான் நகல் மேல் விழுந்தது. மேடம் நாற்காலியைச் சற்று நகர்த்திப் போட்டுக்கொண்டு, "குட்" என்று எழுதினார்.

அந்த நிமிஷம் நான் நினைத்ததை உள்ளபடி சொல்கிறேன். உண்மை, கல்வி, காந்தி என்றெல்லாம் ஒன்றும் தோன்றவில்லை. இந்த ஜன்னலைத் திறந்தால் மழை தெரியும். மழை தெரிந்தால் பக்கத்து வகுப்பு வெயில் பொய்யாகும். நான் போனாலும் போகிறேன், அந்த இரண்டு கோடும் அழியட்டும். அவ்வளவுதான்.

கொக்கியை எடுத்துக் கதவை அகலத் திறந்தேன்.

காத்தாடிப் பேப்பர் பிய்த்துக்கொண்டு பறந்துபோய் ஸ்டாப்வாட்ச் வைத்திருந்தவர் முகத்தில் ஒட்டியது. மழை கூட்டமாக உள்ளே வந்தது. முப்பத்தெட்டு பிள்ளைகள் பெஞ்சுகளைத் தாண்டி ஜன்னலுக்குப் பாய்ந்தார்கள்.

"சார்! மை ஹேண்ட் இஸ் ரெய்னிங்!" என்று கத்தினான் தருண். பள்ளியில் சேர்ந்த நாளிலிருந்து இங்கிலீஷில் "பிரசென்ட் சார்" தவிர வாய் திறக்காதவன்.

"சார், ரெயின் கேம் வித்தவுட் 'மே ஐ கம் இன்'!" இது அனுஷா.

"பிளாக் க்ளவுட் இஸ் ஆங்ரி லைக் செக்ரட்டரி சார்!"

"சார், சார், லுக்! சன் இஸ் டிரிங்கிங் டீ!"

எல்லோரும் பார்த்தோம். கோவிந்தராஜன் குடையைக் கழுத்தில் இடுக்கிக்கொண்டு, பெட்ரோமாக்ஸைக் கையில் பிடித்தபடி கடைசி வாயை ஊதிக் குடித்துக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும், "தோ வந்துட்டேன் சார், ஒரே நிமிசம்" என்றார்.

மேடம் மட்டும் ஜன்னல் பக்கம் திரும்பவேயில்லை. நகலில் எட்டாவது கட்டத்தை விரலால் தடவிக்கொண்டே இருந்தார். "இந்தப் பதில் எதுவுமே இங்கே இல்லையே" என்றார், நகை தொலைத்தவர் குரலில்.

அறிக்கை சனிக்கிழமை வந்தது. "2 'ஏ': மாணவர்கள் எதிர்பார்த்ததற்கு மேல் இங்கிலீஷ் பேசினார்கள். ஆசிரியரால் தடுக்க முடியவில்லை. 2 'பி': வெயில் திருப்திகரம்." ஜன்னல் வழியாக மூன்று பேரும் நனைந்ததைப் பற்றி ஒரு வரி கிடையாது. நான் ஆத்திரப்பட்டுத் திறந்த மழை யார் மேலும் விழவில்லை, என் மேல் தவிர.

செக்ரட்டரி என்னைக் கூப்பிட்டார். கோபமாக இல்லை, துக்கமாக இருந்தார். "ஒரு குழந்தை நினைச்சதையெல்லாம் பேச ஆரம்பிச்சா, அதை எந்தக் கட்டத்துல போடறது சுந்தரேசன்? திங்கக்கிழமைலேர்ந்து சந்தாபுரா."

ஜோசஃபின் மிஸ்ஸை இங்கிலீஷ் ஒருங்கிணைப்பாளராக்கினார்கள். பச்சைப் பேனா ஒன்றும் கொடுத்தார்கள்.

சந்தாபுராவில் முப்பத்தொரு பிள்ளைகள், நாலு சுவர், மேலே வானம். அங்கே வெதர் பாடத்துக்கு ஜன்னல் வரைக்கும் போக வேண்டியதில்லை. அது பலகையிலேயே வந்து விழும். எழுதியதை அதுவே அழித்துவிட்டும் போகும். மேகம் கறுத்தால் பிள்ளைகள் அதைப் பார்த்து இங்கிலீஷில் திட்டுவார்கள். அது பயந்து அத்திப்பள்ளிப் பக்கம் போய்விடும். ஒன்றிரண்டு தடவை போகவும் போயிற்று. அவர்கள் சொல்லும் வாக்கியங்களை நான் லெசன் பிளான் நோட்டில் பதினொன்றாவது கட்டத்தில் எழுதி வைத்தேன். வேறு இடம் ஏது?

அக்டோபரில் ஜோசஃபின் மிஸ் இன்ஸ்பெக்‌ஷனுக்கு வந்தார். பொம்மனஹள்ளியிலிருந்து ஒரே பஸ். பின்வரிசையில் உட்கார்ந்தார். பத்து நிமிஷத்தில் தூறல் விழுந்தது. பிள்ளைகள் ஆளுக்கொரு பக்கம் ஏதேதோ சொல்லிக் குதித்தார்கள். ஒரு பெண் அவர் புடவையைத் தொட்டுக் காட்டி, "மிஸ், யுவர் ஃப்ளவர்ஸ் ஆர் கெட்டிங் வாட்டர்" என்றாள். புடவையில் பூப் போட்டிருந்தது.

ஜோசஃபின் மிஸ் சிரிக்கவில்லை. என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை எனக்கு அடையாளம் தெரியும். இரண்டு வருடமாகத் தினமும் முகம் மழிக்கும்போது கண்ணாடியில் நான் பார்த்த பார்வை.

"உங்க கிளாஸ் எப்படிப் போகுது மிஸ்?" என்று கேட்டேன்.

"நல்லாப் போகுது சார். எல்லாரும் கரெக்டா சொல்றாங்க." புடவைத் தலைப்பால் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "தட்டிய எடுத்துட்டாங்க. அந்தப் பக்கத்துலேர்ந்து சத்தமே வர்றதில்ல இப்போ."

பிறகு நோட்டை வாங்கினார். பதினொன்றாவது கட்டத்தை முதலிலிருந்து கடைசிவரை படித்தார். திருப்பி ஒருமுறை படித்தார். பச்சைப் பேனாவைத் திறந்து தாள் மேல் கொண்டுபோய் நிறுத்தினார். பேனா அங்கேயே நின்றது. ஒரு சொட்டு மழை விழுந்து காய்கிற நேரம். அப்புறம் கையை வலது பக்கமாக ஒரு விரற்கடை நகர்த்தி, 'குட்' என்று மட்டும் எழுதி மூடினார்.

அந்தத் தாள் இப்போது எங்கள் வீட்டுக் கூடத்தில் கண்ணாடிச் சட்டத்துக்குள் இருக்கிறது.

"ஊர்ல எல்லாரும் எதெதுக்கோ ஃப்ரேம் போடறாங்க. நீங்க போயி வெறும் 'குட்'டுக்கா?" என்று பாமா வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

'குட்'டுக்கு யார் ஃப்ரேம் போட்டார்கள்? அதற்கு இடது பக்கம் சரியாக ஒரு சொல்லுக்கு இடம் விட்டிருக்கிறது. ஃப்ரேம் போட்டது அதற்கு.